எஸ்தரக்காவின் மானிட்டர்

நேற்று மும்பை தாதரில் ஒரு கடையில் அடாப்டர் கேட்டேன். கடைக்காரர் நிமிராமலே, "கஹான் ஸே கஹான்?" என்றார். எதிலிருந்து எதற்கு என்று கேட்கிறார், அவ்வளவுதான். எனக்கோ காது மடல் சுட்டது. அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

தாராவியில் எங்களுக்குப் பக்கத்து அறை எஸ்தரக்கா. திருநெல்வேலிப் பக்கம். கல்யாணப் பத்திரிகைகளைத் தமிழில் அடித்துக் கொடுப்பார். நம் ஆட்களின் பத்திரிகை என்றால் சும்மாவா? தாய்மாமன் பெயர் ஒரு வரி கீழே இறங்கினால் மண்டபத்தில் அடிதடி. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டவே மூச்சு வாங்கும், அதனால் பிழை பார்ப்பதும் அக்காதான். பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட, மகள் ஒரு சின்ன லேப்டாப் வாங்கித் தந்தாள். அக்காவுக்குக் கண் மங்கல். "அந்தப் பெரிய மானிட்டர இதுல மாட்டிக் குடேன் தம்பி" என்றார்.

நான் அப்போது ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவு. பிரிண்டருக்குப் பேப்பர் வைக்கிற வேலைதான், ஆனால் அடையாள அட்டையைக் கழற்றாமலே சந்துக்குள் நடமாடுவேன். இரண்டையும் இணைக்கிற அடாப்டர் என்று கைக்குக் கிடைத்ததை வாங்கி வந்தேன். அதன் நீல முனை மானிட்டரின் முதுகில் கச்சிதமாக உட்கார்ந்தது. லேப்டாப் வயரும் மறுபக்கம் சொருகிக்கொண்டது. திரை கறுப்பு. மானிட்டர் ஓரத்து விளக்கு மினுங்கியதை நான் மதிக்கவே இல்லை. "செத்துப்போச்சுக்கா" என்றேன், பெரிய டாக்டர் மாதிரி.

பத்துக்குப் பத்து அறையில் செத்த சாமானுக்கு ஒரு ராத்திரிகூட இடம் கிடையாது. சாயங்காலமே பழைய சாமான் எடுக்கிற பங்கார்வாலாவின் வண்டியில் ஏறிவிட்டது.

மறுவாரம் ஆபீசில் அந்த அடாப்டரைப் பார்த்து சீனியர் சிரித்தார். "இது பழைய கம்ப்யூட்டர்லேர்ந்து புது டிவிக்குப் போறதுப்பா. உனக்கு வேண்டியது நேர் எதிர்." முனைகள் பொருந்தும், படம் ஒரு பக்கமாகத்தான் போகுமாம். மானிட்டர் சாகவே இல்லை. அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன்.

சில மாதம் கழித்து ஒருவர் பத்திரிகையும் கையுமாக அக்கா வாசலில் வந்து நின்றார். மணப்பெண்ணின் அப்பா. வேறு வீட்டுப் பழைய பத்திரிகை ஒன்றின் மேலேயே அக்கா திருத்தி அடித்ததில், அவர் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' அப்படியே நின்றுவிட்டது. ஊர் முழுக்கக் கொடுத்தும் ஆயிற்று. "நான் செத்துட்டனாம்மா? நல்லாப் பாத்துச் சொல்லு" என்றார். கூட வந்தவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள்.

அக்கா அழுதார். "சின்னத் திரைல கண்ணு தெரியலய்யா. பெரிய மானிட்டர் செத்துப்போச்சு, நான் என்ன செய்ய? இந்தத் தம்பிட்ட கேளுங்க, அவன்தான் பாத்தான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமா, செத்துப்போச்சு" என்றேன். சீ, இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

அதன்பின் அக்காவிடம் யாரும் பத்திரிகை கொடுக்கவில்லை. எங்கள் அறைகள் இருந்த வரிசையையும் இடித்துவிட்டார்கள். கல்யாணச் செய்தி இப்போது போனில் ஆங்கிலத்தில் வருகிறது, தாய்மாமன் பெயரே இல்லாமல்.

போன கிறிஸ்துமஸுக்கு, எப்படியும் சொல்லிவிடுவது என்று சான்பாடாவில் அக்கா இப்போது இருக்கும் மகள் வீட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா மருமகனிடம் சொன்னார்: "அன்னைக்கு அத்தன பேரும் என்ன ஏசும்போது, எனக்காவ ஒரு வார்த்த பேசினது இவன் ஒருத்தன்தான்."

என் தட்டில் இன்னொரு துண்டு கேக் வைத்தார். தின்றுவிட்டு வந்தேன்.