திறப்பு விழா பஸ்ஸில் கிள்ளானுக்கு

மாலை போட்ட அந்த பஸ்ஸின் கதவு மூடும்போது ‘புஸ்ஸ்’ என்று பெருமூச்சு விட்டது. அந்தச் சத்தத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் படபடப்பும் சேர்ந்தே வரும். உள்ளே எங்கள் தாமான் குடியிருப்பு மக்களில் பாதிப் பேர். கழுத்தில் ரோஜா மாலையோடு எங்கள் சட்டமன்ற உறுப்பினர். முன் இருக்கையில், மடியில் ஒரு போர்வைப் பையை வைத்துக்கொண்டு அங்கிள். அவர் பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி ஆன்டி. ஆன்டியின் இன்னொரு கை என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது.

ஆன்டி எங்கள் எதிர்வீட்டுக்காரர். மின்னணுச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்து ஓய்வு பெற்றவர். இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தி வேலை வாங்கிய குரல். ஓய்வு பெற்ற பிறகும் அது இறங்கவில்லை. அவர் சமையலறையில் பேசினால் எங்கள் வரவேற்பறையில் கேட்கும். அவர் கணவர் அங்கிள் அதற்கு நேர்மாறு. ஒரு காலத்தில் லோரி ஓட்டியவர். சிறுநீரகம் பழுதான பிறகு ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாரத்தில் மூன்று நாள் கிள்ளான் நகருக்கு டயாலிசிஸ் போக வேண்டும். அங்கே குளிர் அதிகம் என்பதால் போர்வையைச் சுருட்டி ஒரு பையில் எடுத்துப் போவார். எங்கள் தாமானோ பழைய எஸ்டேட் நிலத்தில், ஊருக்கு வெளியே எழுந்தது. கார் இருக்கிறவர்களுக்குக் கிள்ளான் பக்கம், இல்லாதவர்களுக்கு வெகுதூரம். ஒரு பஸ்கூடக் கிடையாது. நான் அப்போது தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு பயண ஏஜென்சியில் வேலை பார்த்தேன். கிள்ளான் ரயில் நிலையம் வரை தம்பியின் மோட்டார் சைக்கிளில்தான் போக வேண்டும். அவனுக்கு வேறு ஷிப்ட் விழுந்த நாளெல்லாம் நான் தாமதம். மேனேஜர் திட்ட மாட்டார். சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

பஸ் வேண்டும் என்று பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒருநாள் தாமான் முகப்பில் தகரத் தடுப்பு அடித்தார்கள். பஸ் முனையம் வரப்போகிறதாம்! எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஆன்டி தினமும் காலை நடையை அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டார். பறவை இறக்கை விரித்தாற்போல் கூரை எழுந்தது. பளபளக்கும் கருங்கல் பெஞ்சுகள் வந்தன. பஸ் நேரம் காட்டப் பெரிய திரை வந்தது. நடுவில் ஒரு நீரூற்று வந்தது. பஸ் நிலையத்தில் நீரூற்று எதற்கென்று யாரும் கேட்கவில்லை; அழகாக இருந்ததால் விட்டுவிட்டோம். ஆன்டி மட்டும் கட்டடக் குத்தகைக்காரரிடம், “பாஸ், எத்தனாம் நம்பர் பஸ் வருது?” என்று கேட்டிருக்கிறார். “எனக்கு எப்படி ஆன்டி தெரியும்? கட்டச் சொன்னாங்க, கட்டுறேன்” என்றாராம் அவர். ஒய்பி அலுவலகத்தில் போய்க் கேட்டதற்கு, “மொதல்ல கட்டடம் வரட்டும் ஆன்டி” என்று பதில். நாடாளுமன்றமானாலும் சட்டமன்றமானாலும் உறுப்பினரை எங்கள் ஊரில் ஒய்பி என்றுதான் சொல்வோம். அன்று வீட்டுக்கு வந்த ஆன்டி கோபப்படவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தேர்தல் நெருங்கிய ஒரு சனிக்கிழமை காலையில் திறப்பு விழா. பந்தல், உறுமி மேளம், மலாய்க்காரர்களின் கொம்பாங் கொட்டு, பொட்டலம் பொட்டலமாக மீகூன் சேமியா. கம்பத்துக்குக் கம்பம் ஒய்பியின் சிரித்த முகம். விழாவுக்கென்று, தொழிற்சாலை ஆட்களை ஏற்றும் பஸ் ஒன்றை வாடகைக்குப் பிடித்து மாலை போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். அது முனையத்துக்குள் நுழைந்ததும் முதல் கூத்து. வளைவில் பஸ் திரும்பவில்லை. முன்பக்கம் நீரூற்று, பின்பக்கம் பூந்தொட்டி. டிரைவர் அண்ணன் வேர்த்து விறுவிறுத்து முன்னும் பின்னும் நகர்த்த, கூட்டம் முழுக்க “ரிவர்ஸ்! ரிவர்ஸ்!” என்று கத்தியது. பஸ் முனையத்தில் பஸ் திரும்ப இடமில்லை என்பதை அத்தனை பேரும் ஒரே சமயத்தில் கண்டுபிடித்தோம். ஒரு வழியாகப் பின்னாலேயே வெளியே எடுத்துச் சாலையோரம் நிறுத்தினார். ஒய்பி ரிப்பனை வெட்டிவிட்டு, படம் எடுப்பதற்காக பஸ்ஸில் ஏறி முன்னால் நின்றார். பொதுமக்களும் ஏறலாம் என்றார்கள். தாமானை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு திரும்பி வருவதாக ஏற்பாடு.

அப்போதுதான் ஆன்டி என் கையைப் பிடித்தார். நல்ல சேலை, காலில் நடைக்குப் போடும் சப்பாத்து. பின்னால் போர்வைப் பையோடு அங்கிள். நாங்கள் ஏற, எங்களைப் பார்த்து இன்னும் பலர் ஏறினார்கள். கதவு மூடியது.

“எங்க போறோம் அண்ணே?” என்று ஆன்டி டிரைவரிடம் கேட்டார்.

“இங்கயே ஒரு ரவுண்ட்தான் ஆன்டி.”

“இன்னைக்கு இவருக்கு டயாலிசிஸ். கிள்ளானுக்குப் போங்க.”

ஒய்பியின் உதவியாளர் பதறினார். “ஆன்டி, இது ஷோவுக்கு லா. போட்டோ எடுத்துட்டு எறங்கிடுவோம்.”

“பஸ் ஸ்டேஷன் தெறந்தாச்சு. பஸ் நிக்குது. ஆளும் ஏறியாச்சு. அப்புறம் என்ன ஷோ? போங்க அண்ணே!”

அந்தக் குரல்! ஒரு லைன் முழுவதையும் ஓடவைத்த குரல். பின்னாலிருந்து ஒருவர் “கிள்ளான்!” என்றார். அடுத்த நொடி பஸ்ஸே “கிள்ளான்! கிள்ளான்!” என்று அதிர்ந்தது. அத்தனை கைப்பேசிகளும் உயர்ந்துவிட்டன. டிரைவர் அண்ணன் கண்ணாடியில் ஒய்பியைப் பார்த்தார். ஒய்பி கைப்பேசிகளைப் பார்த்தார். பிறகு மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அங்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “சரி, போங்க” என்றார்.

பஸ் பெரிய சாலையில் ஏறியபோது நாங்கள் போட்ட கூச்சலை என்னால் எழுத முடியாது. எத்தனையோ நாள் அதே சாலையில் தம்பியின் முதுகுக்குப் பின்னால் மழையில் நனைந்து போயிருக்கிறேன். அன்று ஜன்னலோரம் நின்று, யாரையோ ஜெயித்துவிட்டவள்போல வெளியே கையசைத்தேன். யாரோ மீகூன் பொட்டலங்களைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தார்கள், ஒய்பிக்கும் ஒன்று.

வழியில் ஆன்டி அவரிடம் சாதாரணமாகத்தான் கேட்டார். “இவ்வளவு காசு போட்டுக் கட்டுனீங்களே ஒய்பி, அதுல ஒரு பஸ் விட்டிருக்கலாமே?”

அவர் பொய் சொல்லவில்லை. அதற்காக இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. “கட்டுறதுக்குன்னா மேலிடத்துல காசு குடுப்பாங்க ஆன்டி. வருஷத்துக்குள்ள செலவு பண்ணலன்னா வேற தொகுதிக்குப் போயிடும். பஸ் ஓட்டுறதுக்கு யாரும் குடுக்க மாட்டாங்க. அதுக்கு மாசாமாசம் வேணும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “கட்டடம்னா கல்லுல பேரும் போடலாம்.”

அதுவரை ஒரு வார்த்தை பேசாத அங்கிள், “பேர பஸ்ஸுலயும் போடலாமே ஒய்பி. ஊரெல்லாம் சுத்துமே” என்றார்.

பஸ் குலுங்கச் சிரித்தோம். ஒய்பியும் சிரித்தார். டயாலிசிஸ் மையத்தின் வாசலில் அங்கிளைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டதும் அவர்தான். மேளமில்லாத குறையாக மாலை போட்ட பஸ்ஸில் வந்திறங்கிய நோயாளியைப் பார்த்து அங்கிருந்த தாதி வாயில் கைவைத்து நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

அந்தப் படங்கள் கிள்ளானைத் தாண்டிப் போயின. பத்திரிகைகள் முனையத்தைப் பார்க்க வந்தன. நீரூற்றைப் படம் பிடித்தன. சில மாதங்களில் ஒரு சின்ன பஸ் ஓடத் தொடங்கியது. அது முனையத்துக்குள் போவதே இல்லை; திரும்ப முடியாதே. எதிர்ப்புறம் மரத்தடியில்தான் நிற்கும். அங்கிள் தன் கடைசி நாட்கள்வரை அதில்தான் போய் வந்தார், டிரைவருக்கு வழியில் சாலை யோசனைகள் சொல்லிக்கொண்டே. அடுத்த தேர்தல் சுவரொட்டியில் ஒய்பி அந்த பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆன்டி, “நிக்கட்டும் லா, பஸ் ஓடுதில்ல?” என்றார். எனக்கு அந்தப் பெருந்தன்மை வரவில்லை. யாரும் ஏறாத மேம்பாலம், யாரும் போகாத சாலை என்று எங்கே பார்த்தாலும், அந்தக் கருங்கல் பெஞ்சுகள் எத்தனை பஸ் பயணங்களைத் தின்றிருக்கும் என்றுதான் மனம் போகிறது.

ஆன்டி இப்போது ஸ்ரீ கெம்பாங்கானில் மகள் வீட்டில் இருக்கிறார். நானும் கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்டேன். போன மாதம் அம்மாவைப் பார்க்கப் போனபோது, கிள்ளான் ரயில் நிலையத்திலிருந்து அந்த பஸ்ஸைப் பிடித்தேன். பள்ளிப் பிள்ளைகள், தொழிற்சாலைச் சீருடையில் பெண்கள், முருங்கைக்காய்க் கட்டோடு ஒரு பாட்டி. முட்டி மோதிக்கொண்டே ஆன்டிக்குப் போன் செய்தேன்.

“நம்ம பஸ்ஸுலதான் வரேன் ஆன்டி!”

நலம் விசாரிக்கவில்லை. “ஒக்காந்திருக்கியா?” என்று கேட்டார்.

“எங்க ஆன்டி? நிக்கவே எடமில்ல!”

மறுமுனையில் எழுந்த சிரிப்பைக் கேட்டு, பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.