காசு கட்டியவர்களின் தண்ணீர்

பொதுப்பணித்துறையின் சங்கரன்கோவில் பிரிவு அலுவலகத்தில் நான் பணி ஆய்வாளராக இருந்தபோது ஒரு திட்டம் வந்தது. ஆற்றுத் தண்ணீரை எடுப்பவர்கள் எல்லோரும் கட்டணம் செலுத்த வேண்டும்; அந்தப் பணத்தை அந்த ஆற்றுக்கே செலவழிக்க வேண்டும். விவசாயிக்கு ஏக்கர் கணக்கு, மில்லுக்கு மீட்டர் கணக்கு. ஊர் ஊராகப் போய்ப் பேசி ஒப்புக்கொள்ள வைப்பது என் வேலை.

பனவடலிசத்திரம் பக்கம் நடந்த கூட்டத்தில் பேச்சியம்மாள் என்ற விவசாயி எழுந்தார். கால்வாயின் கடைசியில், கடைமடையில் அவருக்கு வயல்.

"கட்டச் சொல்லுதிய, கட்டுதோம். எங்க வயலுக்கு ஒழுங்கா தண்ணி வந்ததே கெடயாது. வராத தண்ணிக்கும் காசா சார்?"

"அந்தக் காசுலதாம்மா ஷட்டர் மாத்தணும், கால்வாய் தூர் வாரணும். பொறவு வரும்" என்றேன்.

அவர் கட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கட்டினார்கள். ஆனாலும் பெரும்பகுதிப் பணம், அணைக்கட்டிலிருந்து பைப்பில் தண்ணீர் எடுக்கும் மில்லிலிருந்துதான் வந்தது. அணைக்கட்டில் புது ஷட்டர் போட்டோம். முதல் வருடம் நல்ல மழை. கடைமடை வரை தண்ணீர் போனது. யாருக்கும் குறையில்லை.

அடுத்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. நெல் பால் பிடிக்கும் நேரம். அணைக்கட்டில் வயல்களுக்கு ஒரு நனைப்புக்குத்தான் தண்ணீர் கிடந்தது. காலையில் நான் போனபோது மில் மேனேஜர் காரில் வந்து காத்திருந்தார்.

"அண்ணாச்சி, எங்க பைப்புக்குத் தொறந்து விடுங்க. மாசாமாசம் கட்டுதோம்லா. இந்த ஷட்டரே எங்க காசுதான."

அவர் கோபமாகப் பேசவில்லை. தண்ணீர் இல்லாவிட்டால் ஒரு ஷிப்ட் நிற்கும், அத்தனை பேருக்குக் கூலி போகும் என்றார். அதுவும் உண்மைதான்.

பேச்சியம்மாளும் கடைமடைக்காரர்கள் சிலரும் கரையில் நின்றார்கள். "நாங்களும் கட்டுனோம்லா சார். கொஞ்சமாக் கட்டுனவன் பயிரு காயலாம்னு சட்டமா?"

இன்ஜினியருக்கு போன் செய்தேன். "ரெண்டு பேரையும் சமாதானமா அனுப்பி வையும் வே" என்று சொல்லி வைத்துவிட்டார். பற்றாக்குறை வந்தால் யாருக்கு முதல் தண்ணீர் என்று திட்டத்தில் ஒரு வரி கிடையாது.

கால்வாய் ஷட்டரைத்தான் திறந்தேன். "உங்களுக்கு லாரித் தண்ணி கெடைக்கும் சார். நெல்லுக்குக் கெடைக்காது" என்றேன். மேனேஜர் காரில் ஏறிப் போய்விட்டார்.

தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதிதான் மிச்சம். பேச்சியம்மாளுக்குப் பாதி விளைச்சல் தேறியது. மில்காரர்கள் சொந்தமாக போர்வெல் போட்டுக்கொண்டு கட்டணத்தை நிறுத்திவிட்டார்கள். மேலதிகாரிகள் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். தூர் வாரப் பணமில்லாமல் கால்வாய் மறுபடி மேடானது.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பேச்சியம்மாளைப் பார்த்தேன். "இப்பம் காசு கேட்டு யாருமே வாரதில்லயே சார்" என்றார். திட்டம் நின்றுபோனதைச் சொன்னேன். "கேட்டா நாங்க கட்டத்தான செய்வோம்" என்றார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கட்டணம் ஆற்றைப் பராமரிக்க. அது தண்ணீருக்கு விலை அல்ல. மழை பொய்த்தால் யாருக்கு முதலில் என்பதையும் காசு கேட்கும் அன்றே, எல்லோரையும் உட்கார வைத்துப் பேசி முடித்துவிடுங்கள். தண்ணீர் வற்றிய பிறகு, அணைக்கட்டின் மேல் நின்றுகொண்டு அதைப் பேச முடியாது.