மாலை போடுவதற்கு முன்

பழனிக்குக் காவடி எடுக்க ஒவ்வொரு கார்த்திகையிலும் மாலை போடுவேன். மாலை கழுத்தில் ஏறிவிட்டால் கறி இல்லை, செருப்பு இல்லை. வழியில் எறும்பு ஊர்ந்தால்கூட ஒதுங்கி நடப்பேன். ஊரே என்னை "சாமி" என்று கூப்பிடும்.

அந்த வருடம் ஐப்பசியில் ஒரே ஒரு மழை. திருச்சுழி ரோட்டை ஒட்டிய என் கரிசலில் மக்காச்சோளம் ஊன்றினேன். மறுநாளே மயில்கள் இறங்கின. வெடி போட்டேன், பழைய சேலைகளைக் கட்டினேன், தகரம் தட்டினேன். ஒரு பக்கம் விரட்டினால் மறுபக்கம் வந்து விதையைக் கிளறித் தின்றன. காலியான இடத்தில் மறுபடி ஊன்றினேன். அதையும் தின்னத் தொடங்கின. அதுவும் போனால் மூன்றாம் முறை ஊன்ற மண்ணில் ஈரம் இருக்காது. எங்களுக்கு வருடத்துக்கு அந்த ஒரு வெள்ளாமைதான்.

பூச்சிமருந்து கலந்த சோளத்தை வாளியில் பார்த்ததும் என் மனைவி வழியை மறித்தாள்.

"மாலை போடப் போறவுக செய்ற வேலையா இது? அது யாரு வாகனம்னு தெரியாதாக்கும்?"

"இன்னும் மாலை போடலைல்ல? வழிய விடு."

"ஓஹோ, நீங்க மாலை போட்டாத்தான் முருகனுக்குக் கண்ணு தெரியுமோ?"

வாளியைத் தூக்கிப் போய் வரப்போரமெல்லாம் தூவினேன். எங்கள் பக்கம் மாலை போடுவதற்கு முதல் நாள் வயிறு முட்டக் கறி தின்பார்கள், குடித்துத் தீர்ப்பார்கள். அதெல்லாம் சாமி கணக்கில் சேராது என்று நினைப்பு. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் நான்கு பெட்டை மயில்கள், ஒரு சேவல் செத்துக் கிடந்தன. கூடவே மைனாக்கள், ஒரு கௌதாரி. பாரஸ்ட்காரர்களுக்குப் பயந்து ஓடையோரம் குழி வெட்டிப் புதைத்தேன். சில வாரம் கழித்துத் தலைக்குக் குளித்து மாலை போட்டேன்.

காவடிக்குக் கட்டிய தோகை அந்தச் சேவல் ஆவணியில் என் வரப்பில் உதிர்த்தது. வருடாவருடம் அங்கேதான் பொறுக்குவேன்.

பழனிக்கு நடந்து போகையில், காரியாபட்டி தாண்டி ஒரு தண்ணீர்ப் பந்தலில், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தாள்.

"சாமி, புள்ளைக்குக் காச்ச விடவே மாட்டேங்குது. தோகையால ஒரு தடவ தடவி விடுங்க."

தடவினேன்.

"உங்க ஊருப் பக்கம் மயிலு நெறையவாமே? குடுத்துவச்சவுக!"

"ஆமாத்தா" என்றேன்.

அவள் என் காலில் விழுந்தாள். காலை இழுத்திருக்க வேண்டும். நின்றேன்.

மலையேறி முருகன் முன்னால் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். சோளம் நல்லா வரணும் என்றுதான் வந்தது. சோளமும் நன்றாகவே வந்தது. என்ன மனிதன் நான்?

அதற்குப் பிறகு காவடி எடுக்கவில்லை. கேட்பவர்களிடம் முழங்கால் வலி என்கிறேன். மனைவிக்கு மட்டும்தான் தெரியும். "ஒரு எட்டுப் போயி அழுதுட்டாவது வாங்க, மனசு லேசாகும்" என்கிறாள்.

லேசாகிவிடும். எனக்குத் தெரியும். அதனால்தான் போகவில்லை.