டைல்ஸ் கடையில் ஒரே குரூப்

இன்று பாலக்கரையில் ஒரு டைல்ஸ் கடையில் வேலை. புதிதாக லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர்களில் ஆளுக்கொரு அக்கவுன்ட் திறந்து கொடுக்க வேண்டும்.

முதலாளி பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார்.

"ஏம்மா, பில் போடுற பொண்ணுங்களுக்கு மட்டும் நெட்ட கட் பண்ணிடும்மா. இல்லன்னா வேலை ஓடாது."

அவர் இதைச் சொல்லும்போதே கோடவுன்காரரின் கம்ப்யூட்டரில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது.

"அவருக்கு சார்?"

"அவரு ஆம்பள. பொறுப்பா இருப்பாரு."

லினக்ஸில் ஆட்களைக் குரூப்பாகப் பிரித்து, ஒரு குரூப்புக்கு நெட் கொடுத்து இன்னொன்றுக்கு நிறுத்தலாம். நான் ஒரே குரூப்தான் போட்டேன். பெண்கள், கோடவுன்காரர், முதலாளி எல்லாரும் அதற்குள்.

"இப்ப கட் பண்ணவா சார்? பண்ணினா உங்களுக்கும் சேர்த்துத்தான் போகும்."

"என்னோடத தனியா வைக்க முடியாதாம்மா?"

"முடியும் சார். நான் வைக்க மாட்டேன்."

முதலாளி கல்லாவுக்குத் திரும்பி நடந்தார். "சரி, எல்லாருக்கும் நெட் இருந்துட்டுப் போகட்டும்."

நான் கிளம்பியதும் வேறு ஆளைக் கூப்பிட்டு மாற்றிக்கொள்வார், தெரியும். கூப்பிடட்டும்.

அந்த வேறு ஆள், இதைப் படிக்கிற லினக்ஸ்காரர்களான உங்களில் ஒருவராகத்தான் இருப்பார். என்ன செய்வதாக உத்தேசம் என்று கீழே கமென்ட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.