ஐந்தருவியில் ஒரு ஜூம் லென்ஸ்

பிலிம் கேமராவுக்கு ஜூம் லென்ஸ் வந்த புதிதில், கேமராவைவிட லென்ஸின் விலை அதிகமாம். கனமும் அதிகம், படத்தின் கூர்மையோ குறைவு. அப்படியும் வாங்கினார்கள். நின்ற இடத்திலேயே நின்று வளையத்தைத் திருப்பினால் தூரத்து முகம் பக்கத்தில் வந்துவிடும். கிட்டே போகவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம். அந்தச் சௌகரியத்துக்குத்தான் அவ்வளவு விலை கொடுத்தார்கள் என்று எனக்குத் தோன்றும்.

இன்று நிலைமை தலைகீழ். என் பழைய கேமராவுக்கு ஒரு ஜூம் லென்ஸை செல்போனில் தேடிப் பிடித்து, ஒரு சேலை விலைக்கு வாங்கினேன். பிலிமும், அதைச் சென்னைக்குக் கூரியரில் அனுப்பிக் கழுவும் செலவும்தான் கழுத்தை நெரிக்கின்றன. எனக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று தென்காசிச் சொந்தங்கள் பேசுவது என் காதுக்கும் வரும். பேசிவிட்டுப் போகட்டும்.

லென்ஸ் வாங்கியதற்கு ஒரே காரணம் என் வீட்டுக்காரர். இதய ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருடமாக அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. கேமராவோடு பக்கத்தில் போனாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சாரல் தொடங்கியதும், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஐந்தருவிக்குப் போனோம். ஆண்கள் பக்கத்தில் தண்ணீர் தலையில் விழுந்ததும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் எட்ட நின்றபடி மூன்று படம் எடுத்துவிட்டேன். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் பெண்கள் பக்கம் குளித்துவிட்டு, ஈரப் புடவையோடு ஒரு பெண் என்னிடம் வந்தாள்.

“யக்கா, நாங்க குளிக்கதயா எடுக்கிய?”

“இல்லம்மா, எங்க வீட்டுக்காரரத்தான்.”

“அப்பம் காட்டுங்க.”

எதைக் காட்ட? பின்னால் திரையே இல்லாத கேமரா. “இது பிலிம்மா. கழுவினாத்தான் தெரியும்.”

“எவன் கழுவுவான்? அவன் பாப்பாம்லா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்னைப் பார்த்தா இந்தக் கேள்வி! ஆனால் முதல் படத்தை வளையம் திருப்பாமல் அகலமாக எடுத்திருந்தேன். ஓரத்தில் யாரும் விழவில்லை என்று சத்தியம் பண்ண என்னால் முடியவில்லை. கேமராவின் பின்மூடியைத் திறந்து, சுருளை முழுக்க வெளிச்சத்தில் உருவி அவள் கையில் கொடுத்தேன். எடுத்த படமெல்லாம் போயிற்று.

“கோவிச்சுக்கிடாதிய” என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

வீட்டுக்காரர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். நடந்ததைச் சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

“எத்தன நாள் கழிச்சுச் சிரிச்சிய! அந்தப் படம் போச்சே.”

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். நெஞ்சின் நடுவே நீளமாக ஓடும் தையல் தழும்பில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“அந்தப் புள்ள வந்து கேட்டுட்டா. இந்தத் தழும்போட நான் நின்னத எடுக்கதுக்கு, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாட்டி?”

அவர் குரலில் கோபம் இல்லை. இத்தனை வருடம் கூடவே வாழ்ந்த என் முன்னால், துண்டை இழுத்து மார்பை மூடிக்கொண்டார்.