எந்தப் பக்கமிருந்து வந்தாலும்

போன வாரம் சட்டைக் காலரைத் திருப்பித் தைக்கக் கொடுக்கப் போனேன். திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்கு எதிரே மஸ்தான் பாய் கடை. ரேஷன் கூப்பனுக்குத் துணி அளக்கிற இந்தக் காலத்தில் புதுச் சட்டைக்கு எங்கே போவது?

கடையில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது.

மெஷின் மேல் ஒரு மூவர்ணக் கொடி. நடுவில் நீல நூலில் ராட்டை. தைத்தவர் எல்லப்பன் — பாயிடம் வேலை பார்த்தவர். பிறகு பட்டாளத்தில் சேர்ந்து மலேயா போனார். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. அதன் பின் கடிதமே இல்லை. கொடியைக் கையால் அழுத்திப் பிடித்தபடி நின்றவர் அவர் மனைவி கன்னியம்மா.

வருகிற ஆகஸ்டு பதினைந்தாம் தேதி ஸ்டேஷன் பக்கத்தில் கொடியேற்ற வேண்டும். ஊரில் நல்ல கொடி இது ஒன்றுதான். ஆனால் ஜூலை 22-ஆம் தேதி டில்லியில் தீர்மானித்துவிட்டார்களே... ராட்டை போய்ச் சக்கரம்!

"ராட்டையப் பிரிச்சாத்தான் ஆவும் தங்கச்சி."

"அவரு கைத் தையலு பாயி இது. ஊட்ல அவரு கைபட்டது வேற இன்னா கீது?"

"துணி கீதா சொல்லு, புதுசாவே தச்சித் தரேன். ரேஷன்காரன் கோமணத்துக்கே கூப்பன் கேக்குறான்!"

கன்னியம்மா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நோட்டு எழுதற சாரு, நீ சொல்லு. இந்த ராட்டை இன்னா தப்பு பண்ணிச்சி?"

ஊர் நடப்பை நோட்டில் குறித்துப் பத்திரிகைக்கு எழுதும் எனக்குத் தேதிப் பைத்தியம் என்பது வாசகர்களுக்குத் தெரியும். 1921-இல் வெள்ளை, பச்சை, சிவப்பு. 1931-இல் காவி, வெள்ளை, பச்சை. இரண்டிலும் ராட்டை உண்டு. அதையெல்லாம் அவரிடம் ஒப்பித்து என்ன பயன்? "தப்பில்லை அம்மா. கொடியைத் திருப்பிப் பாருங்கள்" என்றேன்.

பின்பக்கத்தில் ராட்டை இடவலம் மாறித் தெரிந்தது.

"சக்கரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுதான்."

கன்னியம்மா கொடியை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கப்பல் பட்டணத்துக்கு வந்தா பட்டணத்து ரயில்ல வருவாரு. பம்பாயில எறக்கி உட்டுட்டா அரக்கோணத்துப் பக்கமா வருவாரு. ரெண்டு ரயிலுக்கும் நேராத் தெரியுமா சாரு?"

"தெரியும் அம்மா."

"கத்திரி குடு பாயி. நானே பிரிக்கிறேன்."

ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். நூலை எறியவில்லை — ஒரு தீப்பெட்டியில் சுற்றினார். "இதுலயே சக்கரம் தையி."

பாய் தீப்பெட்டியை வாங்கி ஊசியில் நூல் கோத்தார். மறுநாள் போனபோது சக்கரம் முடியும் தறுவாயில் இருந்தது. இருபத்துநான்கு ஆரக்காலில் கடைசி இரண்டுக்கு நூல் போதவில்லை. கன்னியம்மா தன் புடவைக் கரையிலிருந்து நீல இழை உருவிக் கொடுத்தார்.

வெள்ளைக்காரர் போவதற்குத் தேதி குறித்தாயிற்று. போகிறவர்களுக்குச் சுலபமாகக் குறித்துவிடுகிறார்கள்... வருகிறவர்களுக்கு யார் குறிப்பது?

என் நோட்டில் எல்லப்பன் பெயருக்கு எதிரே ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.