வரட்டுமா

இதை நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப்போவதில்லை. எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

என் மனைவி இறந்து நான்கு மாதம். வெறும் காய்ச்சல்தான் என்று ஒரு வாரம் என்னிடம் மறைத்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு கண்ணைத் திறக்கவே இல்லை. போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோரும் அழுதார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறுதல் சொல்ல வருகிறவர்களைப் பார்த்தாலே பல்லைக் கடித்துக்கொள்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் சைக்கிளைப் படகில் ஏற்றிக்கொண்டு அந்தத் தீவுக்குப் போனேன். அங்கே ஆள் நடமாட்டமே இல்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"தனியாவா சார்?" என்றார் படகுக்காரர்.

"ஏன், துணைக்கு நீங்க வரீங்களா?"

"எனக்கு முட்டி வலி. இருட்டுறதுக்குள்ள வந்துடுங்க. இல்லைன்னா நண்டுங்களோடதான் படுக்கணும்."

தீவு முழுக்கக் கரும்பாறை. நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை மேடேறி, மறுபக்கம் கடல்வரை இறங்கியது. மிதிக்க முடியாத இடங்களில் தள்ளினேன். அவளைத் திட்டிக்கொண்டே தள்ளினேன். திட்டத் திட்டக் காலில் வேகம் வந்தது. மறுகரையில் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த ரொட்டியைத் தின்றேன். திரும்பக் கிளம்பியபோது மணி இரண்டு இருக்கும்.

சைக்கிள் கனத்தது.

டயரை அமுக்கிப் பார்த்தேன். காற்று இருந்தது. பிரேக் உரசவில்லை. தூக்கிப் பார்த்தேன். முன்சக்கரம் லேசாக எழும்பியது. பின்சக்கரம் அசையவில்லை.

ஏறி மிதித்தேன். கிரீச்… கிரீச்… கேரியர் ஸ்பிரிங். ஒவ்வொரு குழியிலும், ஆள் உட்கார்ந்திருப்பதுபோல்.

கடல்காற்று பின்னாலிருந்து அடித்தது. கழுத்தில் பட்டது. காதில் பட்டது. முதுகில் மட்டும் படவில்லை.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏங்க…"

அவள் குரல். பயம் வரவில்லை. கோபம்தான் பொங்கியது.

"இப்ப எதுக்கு வந்த? ஏன் மறைச்ச? பக்கத்துலயே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தேனே, என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

நாலு மாதம் அடக்கிவைத்திருந்ததையெல்லாம் கத்தித் தீர்த்தேன்.



முதுகில் ஏதோ சாய்ந்தது. சில்லென்று…

"வரட்டுமா?"

அன்றைக்குச் சொல்லாததை இப்போது சொல்கிறாள். விடைபெறுகிறாள். கண்ணீர் என் கண்ணை மறைத்தது.

"சரி… வா."

கனம் குறையவில்லை.

கரையில் சைக்கிளை ஏற்றப் படகுக்காரர் வந்தார். கேரியரைப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மேட்டுல பொம்பளைக் குரல் கேட்டுச்சா?"

"என் மனைவி."

"இல்ல சார். யாருக்குக் கேட்டாலும் அவங்கவங்க வீட்டுக் குரலாத்தான் கேக்கும். புதுசாக் கட்டிக்கிட்டவளை இங்க இறக்கி விட்டுட்டு ஒருத்தன் ஓடிட்டான். அந்தப் பொண்ணு இங்கயே செத்துப்போச்சு. தனியா வர்ற ஆம்பளைங்ககிட்ட இப்பவும் வரட்டுமான்னு கேக்குது."

"விடைபெறத்தானே?"

"போறதுக்கு இல்ல சார். கூட வர்றதுக்கு."

குரலைத் தாழ்த்தினார். "நீங்க என்ன சொன்னீங்க?"

சைக்கிளைப் பாறைமேல் தள்ளிவிட்டுப் படகில் ஏறினேன். அவ்வளவு ஆத்திரம். என் மனைவிக்குச் சேரவேண்டிய வார்த்தையை எவளோ வாங்கிக்கொண்டாள்.

படகு என் பக்கமாகச் சாய்ந்தே வந்தது.

மறுநாள் காலை மாடிப்படியில் வீட்டுச் சொந்தக்கார அம்மா வழிமறித்தார். இத்தனை நாளும் என்னைப் பார்த்தாலே கண்கலங்கியவர். இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"நாலு மாசம்தானேப்பா ஆச்சு… அதுக்குள்ள இன்னொருத்தியா?"